முட்டுது அக்கா

வியாழக்கிழமை மூன்று மணிக்கு இரண்டாம் மாடி மீட்டிங் அறை திறந்ததும் பின்வரிசை நாற்காலிகள்தான் முதலில் நிரம்பும். முன்வரிசையில் உட்கார்ந்தவன் ஒன்று புதியவனாக இருக்க வேண்டும், இல்லை தாமதமாக வந்தவனாக இருக்க வேண்டும். பெரிய திரைக்குப் பக்கத்தில், ஏசி நேராகத் தலையில் அடிக்கும் இடத்தில், கையில் லேசர் பேனாவோடு அக்கா நிற்பார். எண்ணிக்கையைச் சொல்வதற்கு முன் ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். நாங்கள் எல்லோரும் அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

"இந்த வாரம் மொத்தம் அறுநூத்தி நாப்பது எடத்துல முட்டுது."

அந்தச் சொல்லே அவருக்குப் பெயராகிவிட்டது. "முட்டுது வருது, போனை உள்ள வை" என்று வராண்டாவில் குசுகுசுப்பார்கள். அவருக்கும் தெரியும். ஒருமுறை லிஃப்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "முட்டுது மூணாவது மாடியில எறங்குது, கொஞ்சம் வழி விடுங்க" என்றார். அந்த இருவரும் அதற்குப் பிறகு ஒரு மாதம் படிக்கட்டில்தான் போனார்கள்.

நாங்கள் கட்டிக்கொண்டிருந்தது ஒரு மருத்துவமனை. ஆறு மாடியில் இரண்டு பிளாக்; முதல் பிளாக் முடிகிற நிலையில் இருந்தது, இரண்டாவது இப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. அறைகளையும் சுவர்களையும் ஒரு கம்பெனி வரையும். தூணும், தளத்தைத் தாங்கும் பீமும் இன்னொரு கம்பெனி. தண்ணீரும் கழிவும் போகும் குழாய்கள் ஒருவர் பொறுப்பு; குளிர்காற்றும் புகையும் போகும் டக்டுகள் வேறொருவர் பொறுப்பு; மின்சாரம் தனி. ஐந்து பேரும் அவரவர் பங்கைக் கம்ப்யூட்டரில் முழுக் கட்டிடமாகவே கட்டுவார்கள். அதைத்தான் மாடல் என்போம். அடுத்தவன் மாடலை எட்டிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் கிடையாது. புதன்கிழமை மாலைக்குள் எல்லாரும் தங்கள் மாடலைப் பொதுச் சர்வரில் ஏற்றிவிட வேண்டும். வியாழன் காலையில் அக்கா ஐந்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, எது எதில் முட்டுகிறது என்று தேடுவார். முட்டும் இடமெல்லாம் சிவப்பாகும். ஒரே இடத்தில் பீமும் இருக்கும், பீமின் வயிற்றுக்குள் குழாயும் இருக்கும். திரையில் இரண்டும் சமாதானமாக இருக்கலாம். கான்கிரீட்டில் முடியாது. யாராவது ஒருவர் நகர்ந்தே ஆக வேண்டும். யார் நகர்வது என்று சொல்வது அக்காவின் வேலை.

நான் அவருக்கு உதவியாளன். பக்கத்து மேசை. மீட்டிங் குறிப்புகளை எழுதுவதும், ஆட்களைத் துரத்தி மாடலை வாங்குவதும் என் பாடு. அவரைவிட நான் இரண்டு வயது மூத்தவன். ஆனால் சேர்ந்த முதல் வாரமே பயத்தில் வாயில் "அக்கா" வந்துவிட்டது. அவரும் கூசாமல் "சொல்லு தம்பி" என்றார். நாலு வருடமாக அப்படியே ஓடியது.

மீட்டிங்கில் அவர் யாரையும் உட்கார்ந்தபடி பேச விடமாட்டார். தவறு யாருடையதோ அவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். டக்ட் கம்பெனி இன்ஜினியர் பெருத்த உடம்பு, ஐம்பது வயது தாண்டியவர். ஒரு வாரம் அவருடைய டக்ட் மட்டும் இருநூற்றுப் பதினாலு இடத்தில் முட்டியது.

"மேடம், எனக்குக் காலு வலி. இங்கேருந்தே சொல்றேனே."

"உங்க டக்டுக்குக் கால் வலி இல்லியே சார். பீமுக்குள்ள பூந்து ஜம்முன்னு நடந்து போயிருக்கு. நீங்க இந்த நாலடி நடந்து வரக் கூடாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் நாற்பது நிமிடம் நின்றார். இருநூற்றுப் பதினாலையும் ஒவ்வொன்றாகத் திரையில் சுழற்றிக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் "ஆமா மேடம், எங்க தப்புதான்" என்று அவர் வாயால் சொல்ல வைத்தார் அக்கா. முடிந்ததும் அந்த மனிதர் கழிவறைக்குப் போய் வெகுநேரம் வரவில்லை.

அக்கா இப்படி ஆனதற்கு ஒரு காரணம் உண்டு என்று அவரே ஒருநாள் சொன்னார். படம் வரைபவராகச் சேர்ந்த புதிதில் ஒரு கழிவறை வரைந்தாராம். கதவு உள்பக்கம் திறக்கும். திறந்தால் பேசின் இடிக்கும். அந்தப் படத்தைக் கேன்டீன் சுவரில் ஒரு மாதம் ஒட்டி வைத்திருந்தார்களாம். சாப்பிட வருகிறவர்கள் எல்லாம் பார்த்துச் சிரித்துவிட்டுத் தட்டை எடுப்பார்களாம். "அன்னையிலேருந்து, சிரிக்கறதா இருந்தா நான்தான் சிரிக்கணும்" என்றார். அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

அக்கா வீட்டில் நாலு பேர். கணவர் ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு வந்த இரண்டாம் வருடமே வேலையை இழந்தவர். சமையலும் மகளைப் பள்ளிக்குக் கொண்டுவிடுவதும் அவர் பொறுப்பு. மகளுக்குப் பள்ளியில் கடைசி வருடம். நாலாவது ஆள் கணவரின் தம்பி. முப்பது வயது. கல்யாணம் ஆகாதவன். ஹாலில் சோபாவை விரித்துப் படுப்பவன். குழாய்க் கம்பெனியில் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே அக்காதான். எங்கள் கட்டிடத்தின் குழாய் மாடலைக் கட்டுகிறவன் அவன்.

கொழுந்தன் என்று சலுகை கிடையாது. அவன் முதல் மாடல் தொண்ணூற்றேழு இடத்தில் முட்டியபோது, "வீட்ல சோறு போடறேன்னா இங்கயும் ஊட்டி விடுவேன்னு நெனச்சியா?" என்று கேட்டார். பின்வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. அவனும் சிரித்தான். மூன்று நாள் வெளியில் சாப்பிட்டான்.

இதெல்லாம் நடக்கும்போது அக்காவின் தலைக்குமேல் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மாதம் அவருடைய வேலை பர்மிட் முடிகிற மாதம். அவர் வேலையில் இருக்கும்வரைதான் இந்த நாட்டில் இருக்கலாம். கணவருடைய காகிதமும் மகளுடைய காகிதமும் அவருடையதில் ஒட்டியவை. வேலை போனால் முப்பது நாளுக்குள் மூவரும் கிளம்ப வேண்டும். மகளுடைய கடைசிப் பரீட்சைக்கு எட்டு மாதம் இருந்தது. வேறு கம்பெனிக்கு மாற வேண்டுமானால் இப்போதுள்ள கம்பெனி ஆட்சேபணை இல்லை என்று கடிதம் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர் எங்கள் மேனேஜர். காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி அக்கா வட்டம் போட்டிருந்தார். பென்சிலில். பேனாவில் போட்டால் ஏதாவது ஆகிவிடும் என்பதுபோல.

ஒரு வியாழன் மதியம். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நானும் அக்காவும் மட்டும் மேசையில். கொழுந்தன் வந்து நின்றான்.

"அண்ணி..."

"ஆபீஸ்ல என்ன?"

"மேடம்." திருத்திக்கொண்டான். "ரெண்டாவது பிளாக் மூணாவது மாடி, ஆபரேஷன் தியேட்டர் கழிவுத் தண்ணி லைன். பீம்ல முட்டுது."

"தெரியும். இருபத்தாறு எடம். காலைலயே பாத்துட்டேன். மூணு மணிக்கு வந்து நின்னு சொல்லு."

"எல்லாம் ஒரே குழாய்தான். ஒரு எடத்துல பக்கமா வளச்சு விட்டா இருபத்தாறும் சரியாயிடும். ஆனா இன்னைக்கு லிஸ்ட்ல வந்தா எனக்கு மூணாவது வார்னிங். மூணுன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. திங்கட்கிழமைக்குள்ள நகர்த்திடறேன். இன்னைக்கு மட்டும் அப்ரூவ்டு போட்டுடுங்க."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். முட்டுகிற எல்லாமே ஆபத்தில்லை. குழாய்மேல் சுற்றிய பஞ்சு ஒரு கம்பியில் லேசாக உரசினால் அதுவும் சிவப்பில் வரும். அதற்குத்தான் 'அப்ரூவ்டு' என்று ஒரு குறி. பார்த்தாயிற்று, பரவாயில்லை என்று அர்த்தம். போட்டதும் சிவப்பு பச்சையாகிவிடும். அதற்குப் பிறகு எந்த வாரப் பட்டியலிலும் அது வராது. யாராவது தேடிப் போய்த் திறந்து பார்த்தால்தான் உண்டு. பீமுக்குள் போகும் குழாய்க்கு அந்தக் குறியைப் போடுவது எங்கள் தொழிலில் செய்யவே கூடாத காரியம். நாலு வருடத்தில் அக்கா அதைச் செய்ததில்லை.

அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்கம்மாவுக்குப் போன் போடு."

"எதுக்கு?"

"போடு. ஸ்பீக்கர்ல போடு. நான் இருக்கேன்னு சொல்லாத. போன வாரம் உங்க சித்தி வீட்ல உக்காந்துகிட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? சின்னவன் போனதாலதான் பெரியவன் குடும்பம் அங்க நிமிந்துச்சாம். நான்னு ஒருத்தி அந்த வீட்ல இருக்கறதே பேச்சுல வரல. நீ உண்மையச் சொல்லு. யாரு வீட்ல தூங்கற, யாரு சோத்தத் திங்கற, யாரு வாங்கிக் குடுத்த வேலை. மூணே மூணு."

அவன் என்னைப் பார்த்தான். நான் திரையைப் பார்த்தேன்.

போன் போட்டான். அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம், பிறகு மாமியாரின் குரல். "என்னடா இந்த நேரத்துல?"

"சும்மாதாம்மா. அம்மா... நான் அண்ணி வீட்லதான் தூங்கறேன்."

"அது தெரியுமே."

"அண்ணி போடற சோறுதான் சாப்பிடறேன். இந்த வேலையும் அண்ணி வாங்கிக் குடுத்ததுதான். எனக்குன்னு ஒண்ணும் இல்லம்மா. அண்ணி இல்லைன்னா நான் தெருவுலதான் நிக்கணும்."

கடைசி இரண்டு வாக்கியமும் அக்கா கேட்காதவை. அவனே சேர்த்தான். 

"ஏண்டா இப்படியெல்லாம் பேசற? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்மா."

வைத்துவிட்டான். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. அக்கா மவுஸை எடுத்தார். இருபத்தாறையும் மொத்தமாகப் பிடித்து ஒரு சொடுக்கு. பச்சை. ஆனாலும் அவர் அவர்தான்; குறிப்பு எழுதும் கட்டத்தில் 'திங்களுக்குள் நகர்த்தப்படும்' என்று தட்டினார். மணி ஒன்று நாற்பத்திரண்டு.

"போ. போயி நெஜமாவே சாப்பிடு."

அந்தச் சனிக்கிழமை மாமியார் அக்காவையே நேராகப் போனில் கூப்பிட்டாராம். இருபது வருடத்தில் முதல் முறையாக, "நீ சாப்ட்டியாம்மா?" என்று கேட்டாராம். திங்கட்கிழமை காலை என்னிடம் அதைச் சொன்னபோது அக்காவிடம் இருந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அந்த முகத்தோடு இருக்கும்போதுதான் கொழுந்தன் வந்தான். போனில் ஒரு படம் காட்டினான். குழாய் பீமுக்கு முன்னால் பக்கவாட்டில் விலகி, பீமை ஒட்டியே போய், அந்தப் பக்கம் சேர்ந்தது.

"நகர்த்திட்டேன் அண்ணி."

"ஆபீஸ்ல என்ன?" என்றார். ஆனால் சிரித்துக்கொண்டே. மாடலைத் திறந்து பார்க்கவில்லை.

அவன் நகர்த்தியது உண்மை. தன் கம்ப்யூட்டரில் இருந்த பிரதியில் நகர்த்தினான். பொதுச் சர்வரில் ஏற்றினால் எதற்கு நகர்த்தினாய் என்று அவன் கம்பெனிப் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். எழுதினால் முட்டியது தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை பெரிய திருத்தம் ஒன்று ஏற்ற வேண்டியிருந்தது. அதோடு சத்தமில்லாமல் சேர்த்துவிடலாம் என்று வைத்துக்கொண்டான். மூன்றாம் மாடிக்குக் கான்கிரீட் போடுவது சனிக்கிழமை என்று இருந்தது. கான்கிரீட் பம்பு சீக்கிரம் கிடைத்ததால் புதன்கிழமைக்கு மாற்றினார்கள். புதன்கிழமை போட்டுவிட்டார்கள்.

ஒன்பது நாள் கழித்து சைட் ஃபோர்மேன் போன் செய்தார். எடுத்தது நான்.

"ஏங்க, தியேட்டர் கழிவுத் தண்ணி எதுல போகுது? உங்க படத்துல பீமுக்குள்ள போகுதுன்னு போட்டிருக்கு. பீம்ல ஓட்டையே விடலையே. தண்ணி என்ன, மந்திரம் போட்டுப் போகுமா?"

அந்தப் பீம்களுக்குள் இழுத்து இறுக்கிய எஃகுக் கயிறுகள் உண்டு. துளை போட்டால் கயிறு அறும். கயிறு அறுந்தால் பீம் தாங்காது. ஆகவே துளை போட முடியாது. பக்கவாட்டில் விலகிப் போகத் தளத்தில் முன்பே ஓட்டை விட்டிருக்க வேண்டும்; கான்கிரீட் இறுகிய பிறகு அதற்கும் வழியில்லை. பீமுக்குக் கீழே குழாயைக் கொண்டுபோனால் தியேட்டரின் கூரை தாழ்ந்துவிடும். அறுவை விளக்கைத் தொங்கவிட உயரம் போதாது. நாலு தியேட்டரையும் மறுபடி முதலிலிருந்து வரைய வேண்டும். மருத்துவமனைக்காரர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: யார்?

விசாரணையும் அதே அறையில்தான். அன்றைக்கு முன்வரிசை முதலில் நிரம்பியது. மேனேஜர் திரையில் பதிவைத் திறந்தார். நிலை: அப்ரூவ்டு. கீழே அக்காவின் பெயர், தேதி, ஒன்று நாற்பத்திரண்டு. அதற்கும் கீழே அவரே தட்டிய குறிப்பு.

"திங்களுக்குள் நகர்த்தப்படும்னு எழுதிருக்கீங்க. அப்ப இது முட்டும்னு தெரிஞ்சேதான் பச்சை போட்டிருக்கீங்க."

"ஆமா சார். அவர் கேட்டார்." கொழுந்தனை 'அவர்' என்றார். "குழாய்க் கம்பெனியிலேருந்து கேட்டாங்க."

எல்லாத் தலைகளும் திரும்பின. அவன் எழுந்தான். யாரும் எழச் சொல்லவில்லை.

"நான் கேக்கல சார். லிஸ்ட்ல வரலைன்னதும் பீம்காரங்க வழி விட்டுட்டாங்க போலன்னு நெனச்சேன். இவங்க எங்கண்ணி. எனக்காக இவங்க எப்பவாவது விட்டுக் குடுத்திருக்காங்களான்னு இங்க இருக்கற யாரை வேணா கேளுங்க."

பின்வரிசையில் ஒருவர் 'க்ளுக்' என்றார். அவன் சொன்னதில் அந்தக் கடைசி வாக்கியம் அப்பட்டமான உண்மை. அதனால் முன்னால் சொன்னதும் உண்மைபோலவே கேட்டது.

மேனேஜர் என்னைப் பார்த்தார். "நீங்க பக்கத்து மேசை. அந்த நேரத்துல யாராவது வந்தாங்களா?"

என் பர்மிட் முடிய ஐந்து மாதம் இருந்தது; அதைப் புதுப்பிக்கும் கையெழுத்தும் மேனேஜருடையதுதான்.

"மதியம் நான் சாப்பிடப் போயிருந்தேன் சார்."

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். குடிக்காமல் மூடினார். டக்ட் இன்ஜினியர் முன்வரிசையிலிருந்து மெதுவாகக் கேட்டார், "மேடம், உக்காந்துகிட்டே பேசறீங்களே, நாங்க எல்லாம் ஸ்க்ரீன் பக்கத்துல நின்னுதானே சொல்வோம்?" மேனேஜர் அவரை அடக்கவில்லை. அக்கா எழுந்து போய் நின்றார். இருபத்தாறு இடத்தையும் ஒவ்வொன்றாகச் சுழற்றிக் காட்டச் சொன்னார்கள். காட்டினார். ஒவ்வொன்றுக்கும் டக்ட்காரர் தலையாட்டிக்கொண்டே, "சரி, அடுத்தது" என்றார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாதக் கடைசியோடு வேலை இல்லை என்றார்கள். அதுவரை பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளில், நாலு வருடத்தில் அவர் பெயரில் பச்சை ஆன பதினோராயிரத்துச் சொச்சத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்க்க வேண்டும். ஒழுங்காக முடித்தால் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம். இல்லாவிட்டால் முப்பது நாளில் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கொழுந்தனை அவன் கம்பெனி அனுப்பவில்லை. தியேட்டர் குழாய்களை மறுபடி வரைய அவனைவிட்டால் ஆள் இல்லை. வீட்டைவிட்டும் அவன் போகவில்லை. அதே ஹால், அதே சோபா. அக்கா கணவரிடம் கேட்டாராம், "அவனை வெளிய போகச் சொல்ல மாட்டீங்களா?" அவர் அடுப்பை அணைத்துவிட்டு, "அவனும் இல்லைன்னா அடுத்த மாசம் இந்த வீட்டு வாடகைப் பத்திரத்துல யாரு பேரு இருக்கும், சொல்லு" என்றாராம். மகள் மட்டும் கேட்டாளாம்: "அம்மா, இவ்ளோ பேர்ல ஒருத்தருக்குக்கூட உன்னைப் பிடிக்காதா?" இதையெல்லாம் அக்கா என்னிடம் திரையைவிட்டுக் கண் எடுக்காமல் சொன்னார். சொல்வதற்கு அவருக்கு வேறு ஆள் இல்லை. நான் பொய் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்பார் கேட்பார் என்று பன்னிரண்டு நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

காலை எட்டிலிருந்து மாலை ஆறுவரை திறப்பார், சுழற்றுவார், பார்ப்பார், மூடுவார். கண்ணில் மருந்து விட்டுக்கொள்வார். ஒன்று, நூறு, ஆயிரம். எல்லாம் சரியாகவே இருந்தன. குழாயில் சுற்றிய பஞ்சு கம்பியில் உரசியது. விளக்கின் ஒயர் கூரை விளிம்பில் உரசியது. நாலு வருட வேலையில் பிசகே இல்லை. கடைசி நாள் மதியம் இரண்டு மணிக்கு அவருடைய கை நின்றது.

"தம்பி, இங்க வா."

முதல் பிளாக், ஐந்தாம் மாடி, குழந்தைகள் வார்டு. தீப்பிடித்தால் புகையை வெளியே இழுக்கும் பெரிய டக்ட். அதன் அகலத்தில் பாதி பீமுக்குள் இருந்தது. நிலை: அப்ரூவ்டு. அக்காவின் பெயர்.

"தேதியைப் பாரு."

பார்த்தேன். மகளுக்குக் காய்ச்சல் என்று அவர் ஒரு வாரம் விடுமுறை எடுத்த வாரம். அந்த மென்பொருளுக்கு ஒரே ஒரு லாகின்தான். விடுமுறையில் அவர் அதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். அந்த வாரம் வியாழக்கிழமை, மூன்று மணிக்குள் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று, டக்ட்கள் உரசுகிற ஒரு கூட்டத்தை உள்ளே பார்க்காமல் மொத்தமாகப் பிடித்துப் பச்சை போட்டது எனக்கு நினைவு வந்தது. முந்நூறு உரசல்களுக்கு நடுவில் ஒரு பீம்.

"அஞ்சாம் மாடி கூரை மூடியாச்சு, இல்ல?" என்றார்.

"மூடியாச்சுக்கா. பெயின்ட் அடிச்சாச்சு. அந்த எடத்துல டக்டை நசுக்கிச் சின்னதா ஆக்கித்தான் மாட்டிருப்பாங்க."

"அப்ப நெருப்பு வந்தா?"

 அவர் எழுந்து மேனேஜர் அறைக்குப் போனார். கண்ணாடிக் கதவு. உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று கேட்காது. அக்காவின் கை காற்றில் ஒரு சதுரம் வரைந்து, பாதியாக வெட்டியது. மேனேஜர் மேசையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார், பேனாவை அதன்மேல் வைத்தார், பேசினார். என் பெயர் அந்த அறைக்குள் சொல்லப்படுகிறதா என்று அவர்களின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். 

அக்கா திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"தீயணைப்புக்காரங்க பாக்க வரும்போது பாத்துக்கலாங்கறார். இன்னொரு மாடி ஒடைக்கணும்னா மருத்துவமனைக்காரங்க கம்பெனியையே தூக்கிடுவாங்களாம். அஞ்சு மணிக்கு ரிப்போர்ட் குடுக்கணும். எல்லாம் சரின்னு இருந்தா கடுதாசி ரெடியாம்."

"நான்னு சொன்னீங்களாக்கா?"

"என்னது?"

"அந்த வாரம்... நான்தான்னு."

என்னை முதல் முறையாக நேராகப் பார்த்தார். "எதுக்கு? அந்த நேரத்துல நீ சாப்பிடப் போயிருந்த இல்ல?"

மவுஸ் அந்தப் பச்சையின் மேலேயே இருந்தது. சிவப்பாக மாற்ற ஒரு சொடுக்கு போதும். மணி நாலு இருபது. அவர் டக்டைச் சுழற்றினார். மேலிருந்து பார்த்தார், கீழிருந்து பார்த்தார். வார்டின் கட்டில்கள்கூட மாடலில் இருந்தன. சின்னக் கட்டில்கள், பன்னிரண்டு. படம் வரைகிற கம்பெனி சும்மா அழகுக்காக வைத்தவை. அவற்றை ஒவ்வொன்றாக எண்ணினாரோ என்னவோ, உதடு அசைந்தது. பிறகு மூடினார். அடுத்ததைத் திறந்தார். கம்பியில் பஞ்சு. மூடினார். அடுத்தது.

ஐந்து மணிக்கு ரிப்போர்ட்டை அச்செடுத்தார். பதினோராயிரத்துச் சொச்சம், பிழை: இல்லை. கீழே கையெழுத்துப் போட்டார். மேனேஜர் அதை வாங்கிக்கொண்டு கடிதத்தைக் கொடுத்தார். அக்கா என் மேசைக்குப் பக்கத்தில் நின்றே படித்தார். விரலை ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்து, பாஸ்போர்ட் எண்ணைத் தன் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டு, இரண்டு முறை. இரண்டாவது முறை விரல் நின்றது.

"தேதி தப்பு. போன மாசம் போட்டிருக்கு. இதோட போனா பர்மிட் ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க."

கண்ணாடிக் கதவைத் தட்டி உள்ளே போனார். புதிதாக அச்செடுக்க வைத்தார். மறுபடி படித்தார். சரியாக இருந்தது.

"தம்பி, மடங்காம வைக்க ஒரு ஃபோல்டர் இருந்தா குடு."

என் இழுப்பறையில் ஒன்று இருந்தது. கொடுத்தேன். கடிதத்தை அதற்குள் வைத்துக் கைப்பையில் செருகினார். லாகினையும் பாஸ்வேர்டையும் ஒரு மஞ்சள் தாளில் எழுதி என் திரை ஓரத்தில் ஒட்டினார். "வியாழக்கிழமை மூணு மணி, மறந்துடாத" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குப் போனார்.

அடுத்த வியாழன் நான் திரைக்குப் பக்கத்தில் நின்றேன். அறுநூற்றுப் பதினொன்று. குழந்தைகள் வார்டு டக்ட் அந்தக் கணக்கில் இல்லை.